சேரிப் பிள்ளைகளும் மிஷன் தொண்டும்: உள்ளிருந்து சில கேள்விகள்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுவாமி சகஜானந்தர் மறைந்த நாள் 1959 மே 1. அவர் நினைவாகப் பேச வேண்டும் என்று கேட்டபோது, எதைப் பேசுவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பகுதிக் காலனிகளில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டுவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கும். பிள்ளைகள் வாயில் அது 'வி.பி.எஸ்.' பத்து நாளும் பாட்டு, கதை, கைவேலை. போகும்போது ஒரு பன், ஒரு தம்ளர் ரஸ்னா. கடைசி நாள் ஊர்வலமும் பரிசும் உண்டு. நகரத்துச் சபைகளிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் தன்னார்வலர்களாக வந்து இதை நடத்துவார்கள். நாங்கள் முதலில் அந்தப் பாயில் உட்கார்ந்து பாடிய பிள்ளைகள். பிறகு முன்னால் நின்று பாட்டுச் சொல்லிக்கொடுத்த அக்காமாரும் அண்ணன்மாரும் ஆனோம். இப்போது சில பேர் சேர்ந்து ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்திவருகிறோம். இந்த உரையில் 'நாங்கள்' என்று சொல்வது அந்தச் சிலரைத்தான்.

சகஜானந்தருக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. முனுசாமி என்ற சிறுவனாக அவர் திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தார். அவருடைய படிப்பில் மிஷன் அக்கறை காட்டியது. அவர் மதம் மாற மறுத்ததும் அந்தப் படிப்பு பாதியில் நின்றது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே மனிதர்தான் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். மிஷன் அவருக்கு எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்துக்கு ஒரு விலையும் சொன்னது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேச நமக்குத் தெரிய வேண்டும். அதற்கான முயற்சிதான் இந்த உரை.

மிஷன் தொண்டைப் பற்றி நம்மிடையே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'அவர்கள் வராவிட்டால் நமக்கு அ, ஆ தெரிந்திருக்காது' என்ற நன்றி. மற்றொன்று, 'பன்னைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள்' என்ற வசை. முதலாவதை நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவதை, நம் பிள்ளைக்கு ஒரு பன்கூட வாங்கித் தராதவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பதிலிலும் பிள்ளை இல்லை. ஒன்றில் மிஷனரி பெரிதாக நிற்கிறார், மற்றதில் மதம் பெரிதாக நிற்கிறது. பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது, அது எதைக் கொடுத்தது என்று கேட்பார் இல்லை.

கேட்டவர்கள் யார்?

சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706இல். அன்றிலிருந்தே மிஷனுக்குப் பள்ளிக்கூடம் ஒரு முக்கியமான வேலை. ஆனால் அந்தப் பள்ளியும் கோயிலும் சாதியைத் தாண்டிவிடவில்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைகளுக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. தஞ்சாவூரின் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்தார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சபையில் இருப்பவர் சாதி பாராமல் சேர்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்ற அளவுக்குப் போனது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவர் 1911இல்தான் இடிந்தது. ஏறையூரில் 2008இல் நடந்ததை இங்கே இருக்கும் பலர் நேரில் போய்ப் பார்த்தவர்கள்.

இந்த வரலாற்றில் அடிக்கடி மறைக்கப்படும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களில் மிஷனரிகள் சேரியைத் தேடிப் போனார்கள் என்பது பாதிக் கதைதான். சேரி மக்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். ரூபா விஸ்வநாத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வு நூல் இதை ஆவணங்களோடு காட்டுகிறது. மிராசுதாரின் அடியிலிருந்து காப்பாற்ற ஓர் ஆள், மனு எழுத ஓர் ஆள், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்றுதான் நம் பாட்டன்மார் போனார்கள். ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றவர்கள் பறையர் மக்களின் நிலமில்லாத நிலையைப் பற்றி எழுதினார்கள், வாதாடினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. அதைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம்.

ஆகவே 'கொடுத்தவர்கள்' பட்டியல் மட்டும் போதாது. கேட்டவர்கள் பட்டியலும் வேண்டும். எம்.சி. ராஜா ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார், மதம் மாறவில்லை. படிப்பை எடுத்துக்கொண்டு சட்டமன்றத்துக்குப் போய் நமக்காகப் பேசினார். மிஷன் பள்ளி நமக்கு யாரோ போட்ட பிச்சை என்றால் அவரை விளக்க முடியாது. அது நாம் கேட்டு வாங்கிய இடம்.

பாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறோம். குற்றம் சொல்லும்போது எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

சிறுவர் ஊழியத்தில் வண்ணத்தாள் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் எழுத்தே இருக்காது. 1866இல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் தன் பிரசங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். அப்போது மூன்று தாள்தான்: கறுப்பு, சிவப்பு, வெள்ளை. பிறகு பொன்னிறமும் பச்சையும் சேர்ந்தன. கறுப்பு என்றால் பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம். ஒரு வருடம் கைவேலை நேரத்தில் நாங்களே தாளை வெட்டிக் கொடுத்து, பிள்ளைகளைத் தைக்கச் சொன்னோம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று நான்கு தாளை மட்டும் தைத்துக் கொண்டுவந்தது. "கறுப்புத் தாள் எங்கே பாப்பா?" என்று கேட்டோம். "அது வேணாங்க்கா. அது எங்கம்மா கலரு" என்றது.

அன்று அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. கறுப்புத் தாளை எடுத்து, நாங்களே ஒட்டிக் கொடுத்துவிட்டோம். மறுநாள் பரிசளிப்பு, ஐந்து தாளும் இருக்க வேண்டும். பெரியாரையும் அம்பேத்கரையும் படிக்கத் தொடங்கிய பிறகும் எங்கள் கை அதைச் செய்தது. லண்டனில் உருவான ஒரு பாடம் சேரிப் பிள்ளையின் தோலில் வந்து விழும்போது என்ன ஆகும் என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டது.

இரண்டாவது, தண்ணீர். நகரத்துச் சபையிலிருந்து வந்த தன்னார்வலர்களில் சிலர் பத்து நாளும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில்தான் தண்ணீர் குடித்தார்கள். காலனிப் பெண்கள் மோர் கலக்கிக் கொண்டுவந்தால் "இருக்கட்டும்மா, இப்பத்தான் குடிச்சோம்" என்பார்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் காலனிப் பெண்களுக்கு அந்தக் காரணம் பழக்கமான காரணம். அந்தப் பத்து நாளும் பிள்ளைகள் பாடியது, இயேசு எல்லாரையும் ஒன்றுபோல் நேசிக்கிறார் என்பதை. கடைசி நாளில் ஒரு பையன் எழுந்து, "உங்க சர்ச்சுக்கு நாங்க வந்து பாடலாமா அண்ணா?" என்றான். கேள்வி போதகர்வரை போனது. அங்கே இடம் போதாது என்று பதில் வந்தது. அந்தச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் இரண்டு. அதில் மட்டும் இடம் போதாமல் இல்லை.

மூன்றாவது, கடிதம். வெளிநாட்டில் ஒருவர் மாதந்தோறும் பணம் அனுப்பி ஒரு பிள்ளையைப் படிக்கவைக்கும் திட்டத்தில் எங்களில் சிலர் வேலை பார்த்தோம். பிள்ளை அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதியதை நாங்கள் திருத்துவோம். 'அப்பா குடிக்கிறார்' என்பது இருக்கலாம். 'அப்பாவுக்குப் பண்ணையில் கூலி கொடுக்கவில்லை' என்பதைத் தவிர்த்துவிடுவோம், வாசிப்பவருக்குப் புரியாது என்று. போட்டோ எடுக்கும் நாளில் நல்ல சட்டை போட்டு வந்த பையனிடம் பழைய சட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம். வறுமை தெரிந்தது, அந்த வறுமையை உண்டாக்கியவர் தெரியவில்லை. அந்த வீட்டின் பசி குடும்பத்தின் தவறாகவும் அதன் படிப்பு தூரத்து மனிதரின் கருணையாகவும் ஆகிவிட்டது. நிலமும் கூலியும் சாதியும் கடிதத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

பிரெஞ்சு சமூகவியலாளர் மார்சல் மாஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதினார். கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் கொடை. திருப்பித் தர முடியாத கொடை வாங்குபவரைத் தாழ்த்துகிறது. சேரிப் பெண் கொண்டுவந்த மோர் அந்தத் திருப்பித் தருதல். அதை மறுத்த இடத்தில் தொண்டு முடிந்து தருமம் தொடங்குகிறது. தருமம் நமக்குப் புதிதல்ல. அந்தப் பெயரில்தான் நம்மைக் காலம் காலமாக வைத்திருந்தார்கள்.

விலையை யார் கொடுக்கிறார்கள்?

இன்னும் கனமான ஒரு விஷயம் இருக்கிறது. மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தியின்படி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தனித் தொகுதியில் நிற்க முடியாது, பட்டியல் சாதிக்கான இடத்தில் வேலைக்குப் போக முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது. ஆனால் அவர் வீடு அதே காலனியில்தான் இருக்கிறது. அவரை அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

இந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம் போட்டார்கள். இதற்கிடையில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்வருபவர் வேலைக்காக இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்று தீர்ப்பளித்தது. நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருப்பது ஏன் என்று அந்தத் தீர்ப்பு கேட்கவில்லை. சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். நம்பிக்கைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. இதை மோசடி என்கிறார்கள். நம்பிக்கையை மாற்றினால் தீண்டாமை போய்விடும் என்று எழுதிவைத்த ஆணையை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்த அநீதியை எதிர்க்கிறோம், அந்தப் பத்தி போக வேண்டும். அதே சமயம் தன்னார்வலர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பத்து நாள் வந்து பாட்டுச் சொல்லித்தந்து, கடைசி நாளில் "யார் யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்" என்கிறீர்கள். அந்தக் கை தூக்கலுக்குப் பின்னால் பதினெட்டு வயதில் தாலுகா ஆபீசில் என்ன காத்திருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த முடிவுக்கு நீங்கள் எதையும் கொடுக்கப்போவதில்லை. முழு விலையையும் அந்தப் பிள்ளைதான் கொடுக்கும். வளர்ந்த மனிதர் தெரிந்து கொடுக்கும் விலைக்குத் தலைவணங்குகிறோம். நம் முன்னோர்கள் அப்படிக் கொடுத்தவர்கள்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது.

இதைச் சொன்னதும் சிலர் கைதட்டுவார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆசை காட்டி மதம் மாற்றினால் மூன்று ஆண்டு சிறை. மாற்றப்பட்டவர் சிறுவர், பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால் நான்கு ஆண்டு. அந்த வரிசையைப் பாருங்கள். ஐம்பது வயதுச் சேரி மனிதரும் ஐந்து வயதுப் பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. இருவருக்கும் தாமாக முடிவெடுக்கத் தெரியாதாம். 2004இல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதன் பார்வை போய்விடவில்லை. ஒரு பன் கொடுப்பது அந்தப் பார்வைக்கு ஆசை காட்டுதலாகத் தெரிகிறது. டீக்கடையில் தனித் தம்ளர் வைப்பது எதுவாகவும் தெரிவதில்லை.

வெளிநாட்டுப் பண விதிகளை இறுக்கியதில் கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனது. சுமார் 1,45,000 பிள்ளைகள் அதன் திட்டங்களில் இருந்தார்கள். அந்தத் திட்டங்களைப் பற்றி எங்களுக்கு விமர்சனம் உண்டு, இப்போதுதான் சொன்னோம். ஆனால் மூட வைத்தவர்கள் பதிலுக்கு எங்கள் பக்கத்துக் காலனிகளில் ஒரு மாலை வகுப்புகூடத் திறக்கவில்லை. சாயங்காலம் விளக்கு எரிந்த இடம் இருட்டானது. அவ்வளவுதான்.

எது நின்றது?

எல்லாம் கசப்பு இல்லை. எங்கள் காலனியில் உபதேசியாரின் மனைவி ஒருவர் இருந்தார். 'டீச்சரம்மா' என்போம். சம்பளமில்லாத டீச்சர். காலனியிலேயே குடியிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டார், அவர் வீட்டில் நாங்கள் சாப்பிட்டோம். அரிக்கேன் விளக்கில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். ஜெபமும் செய்வார், விரும்பாதவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்போம், ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கள் மதம் எது என்று அவர் கேட்டு நினைவில்லை. சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலைக்கழித்தபோது நான்கு நடை எங்களோடு நடந்தார். பள்ளியில் கக்கூஸ் கழுவச் சொன்ன தலைமையாசிரியரைப் போய்க் கேட்டவரும் அவர்தான். கிறிஸ்துவைப் பற்றி எங்களுக்கு ஏதாவது மரியாதை மிச்சமிருக்கிறது என்றால் அது ஒலிபெருக்கியால் வந்ததல்ல.

பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து 1992இல் 'கருக்கு' எழுதினார். ஏழைகளுக்கு உழைக்கப் போன இடத்தில் ஏழைகளிடமிருந்து விலகி வாழ வேண்டியிருந்தது என்பது அந்த நூலின் வலிகளில் ஒன்று. டீச்சரம்மாவையும் 'கருக்கு'வையும் சேர்த்து வைத்துத்தான் நாங்கள் எங்கள் மாலை வகுப்புக்குச் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியாதவர் வர வேண்டாம். வருபவர் காலனியில் தண்ணீர் குடிப்பார், சோறு தின்பார்.

இரண்டு, படிப்பு வேறு, வேதபாடம் வேறு. வேதபாடம் வேறு நாளில், பெற்றோர் தெரிந்து சம்மதித்தால் மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அரசமைப்பின் 28ஆம் உறுப்பு விதித்திருப்பதும் இதுதான். பாடாத பிள்ளைக்கும் அதே பன்.

மூன்று, பிள்ளையின் போட்டோ எங்கும் போகாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை வகுப்பெடுக்கும் முன் எல்லாரும் படித்திருக்க வேண்டும். நல்ல மனசு இருந்தால் போதும் என்பவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை.

நான்கு, மாலை வகுப்பு அரசுப் பள்ளிக்கு மாற்று அல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. நம் பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலி என்றால் அதைக் கேட்க வேண்டியது அரசிடம். அதைக் கேட்காத தொண்டு அரசின் கடமையை மூடி மறைக்கிறது.

ஐந்தாவதுதான் கடினமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்கள் தங்களோடு படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றை விலக்கச் சொன்னது. அந்தக் கயிற்றைக் கட்டிய பிள்ளைகளிடம் எந்தத் தன்னார்வலர் போனார்? சேரிக்குப் பாட்டுச் சொல்லித்தர மே மாதம் வேன் வேனாக ஆள் வருகிறது. ஊர்த்தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து, 'சாதி பார்ப்பது பாவம், அந்தப் பாவத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டு' என்று சொல்ல ஒருவரும் இல்லை. பின்தங்கிய பிள்ளைகள் என்று எங்களைச் சொல்கிறீர்கள். நோய் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவுக்கு முதலில் மருந்து போக வேண்டும். சபைகளும் மிஷன்களும் இதைச் செய்யத் துணிந்தால், 1833இல் ஒரு பிஷப் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலையை எடுத்துக்கொண்டதாக இருக்கும். கூட நாங்களும் வருகிறோம்.

தோழர்களே, சகஜானந்தர் சிதம்பரத்துக்கு வந்துவிட்டுப் போனவர் அல்ல. 1916இல் தொடங்கிய பள்ளிக்காகச் சாகும்வரை உழைத்தார். நாற்பத்து மூன்று ஆண்டு. அவருடைய ஆன்மிகத்தில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம், எங்களுக்கும் உண்டு. அந்த நாற்பத்து மூன்று ஆண்டில் கருத்து வேறுபாடு கிடையாது.

அந்தக் கறுப்புத் தாள் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, அன்று செய்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். அதற்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. "அப்படியா சொன்னேன்?" என்று சிரித்தது. நாங்கள்தான் மறக்கவில்லை. இந்த மே மாதம் உங்கள் ஊர்க் காலனியிலும் பந்தல் போடுவார்கள். போய்ப் பாருங்கள். குறை சொல்ல மட்டும் போகாதீர்கள், அடுத்த ஜூனில் அந்த இடத்தில் விளக்கேற்ற யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒருவரும் இல்லை என்றால் அந்த வேலை உங்களுடையது.